ஒரு ஸ்டுடியோ, ஒரு ஓட்டு

ஜூலை 20, ஞாயிறு

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் போட்டோக்காரர்களுக்குச் சண்டை போட நேரம் கிடைக்கிறது.

இன்று அமராவதிக்கரை போட்டோ வீடியோ கலைஞர்கள் சங்கத்தின் பொதுக்குழு. காலையில் ஒரு சங்கமாக உள்ளே போனார்கள். மதியம் பிரியாணிக்கு இரண்டு சங்கமாக உட்கார்ந்தார்கள். பிரியாணி மட்டும் ஒரே அண்டாவில் இருந்தது என்று அப்பா சொன்னார்.

அப்பா சென்னியப்பன், சங்கத்தின் செயலாளர். தலைவர் ராக்கியண்ணன் மாமா. இருவரும் ஒரே ஸ்டுடியோவில் தொழில் பழகியவர்கள். பிரச்சினை, துணைவிதி ஏழு: 'ஒரு ஸ்டுடியோவுக்கு ஒரு உறுப்பினர், ஒரு ஓட்டு.' இதை எடுத்துவிட்டு 'கேமரா பிடிக்கும் எல்லோரும் உறுப்பினர்' என்று மாற்றத் தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். தலைவர் "நிறைவேறியது" என்றார். அப்பா "தோற்றது" என்றார். மைக் ஒன்றுதான் என்பதால் மாறி மாறிச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் ஸ்டுடியோவில் அம்மாவும் படம் எடுப்பாள். அவ்வப்போது. கல்யாணத்துக்குக் கல்யாணம். ஆனால் உறுப்பினர் அட்டை அப்பா பெயரில்தான் இருக்கிறது. துணைவிதியில் துணைவிக்கு இடமில்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன், சிரிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன், அவளும் சிரிக்கவில்லை. இருவருக்கும் காரணம் வேறு வேறு என்று நினைக்கிறேன்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "உங்க கை மேல இருந்துச்சுங்களா, கீழ இருந்துச்சுங்களா?"

"ராக்கியண்ணன் ஊட்டுல ரெண்டு பசங்க, ஒரு மருமக, அவுரு. நாலு ஓட்டு. அதைய உட்டா அவுரு கடைசி வரைக்கும் தலைவர்தான்."

"நான் அவுரு ஊட்டுக் கதையக் கேக்கலீங்க. உங்க கையக் கேட்டேன்."

அப்பா ரசம் கேட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

அம்மா தன் கேமராவைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து, பீரோ மேல் ஏற்றிவிட்டாள். தன் பெயரில் அட்டை வரும்வரை தொடப்போவதில்லையாம். "ஆடி மாசந்தானே, இருக்கட்டும்" என்றார் அப்பா. ஆடி மாதம் ஆவணி வரைக்கும்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. காலண்டர் அவருக்கு எதிரிலேயே தொங்குகிறது.

ஜூலை 24, வியாழன்

சங்கத்துக்கு இப்போது இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள். ஒன்று 'சங்கம் ஒரிஜினல்'. இன்னொன்று 'சங்கம் பதிவு பெற்றது'. இரண்டிலும் அதே ஆட்கள். குட்மார்னிங்கை மட்டும் இரண்டு தடவை அனுப்புகிறார்கள்.

அப்பா போனில் 'ஒரிஜினல்' குழுவின் படத்தை நெகட்டிவ் போல மாற்றிவைத்தேன். சும்மாதான். ஏதோ எதிர்ப்பு அடையாளம் என்று நினைத்துச் சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் தங்கள் முகத்தையும் நெகட்டிவ் ஆக்கிவிட்டார்கள். பொருளாளர் ஆரோக்கியசாமி மாமாவுக்கு மட்டும் அது நன்றாக இருந்தது. அவர் தலை முழுக்க நரை.

ஜூலை 27, ஞாயிறு

அந்த ஆரோக்கியசாமி மாமா இன்று இரண்டு குழுவிலும் ஒரு செய்தி போட்டார். கோர்ட்டுக்குப் போனால் தன் பேரன் கல்யாணத்துக்குத்தான் தீர்ப்பு வரும், தனக்கு இன்னும் பேரனே பிறக்கவில்லை, அதனால் சமரசம் பேசும் வக்கீல் ஹமீதா பேகம் என்பவரை வைத்து உட்கார்ந்து பேசலாம், இரு தரப்பும் சம்மதமா?

அப்பா குளித்துக்கொண்டிருந்தார். போன் என் கையில் இருந்தது. மேலே இருந்த குட்மார்னிங் ரோஜாவுக்குக் கட்டைவிரல் போடத்தான் போனேன். கீழே விழுந்துவிட்டது. விரலைப் பார்த்ததும் ராக்கியண்ணன் மாமா விட்டுக்கொடுக்காமல் இரண்டு கட்டைவிரல் போட்டார்.

அப்பா தலை துவட்டிக்கொண்டு வந்தபோது சமரசத்துக்குச் சம்மதித்திருந்தார்.

"ஆரு அம்மிணி இதப் போட்டது?"

"வெரலு வழுக்கிருச்சுங்ப்பா."

"எடு மொதல்ல."

"எடுத்தா, செயலாளர் பயந்துட்டாருன்னு மாமா குரூப்புல போடுவாருங்க."

அப்பா ஈரத் துண்டைக் கொடியில் போடப் போனார். விரல் அங்கேயே இருந்தது.

அம்மா வீடு கூட்டும்போதெல்லாம் பீரோ மேலே ஒரு தடவை பார்க்கிறாள். அதற்கும் என் விரலுக்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

ஆற்றங்கரைக் கோயிலில் ஒரு குடும்பத்தின் பொங்கலும் விருந்தும். அப்பா தனியாகப் போய் எடுத்துவந்தார். சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வெளிச்சம் அப்படியொரு அழகு. வெயிலை மடித்துத் திருப்பி ஒவ்வொருவர் கன்னத்திலும் தடவியதுபோல விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். பூசாரிக்குத் தலை பாதிதான் இருந்தது. கிடா மட்டும் நேராகப் பார்த்தது.

அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தாள். "லைட்டு நல்லாருக்குதுங்க" என்றாள். போய்விட்டாள்.

அப்பா ரொம்ப நேரம் மௌஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் சங்கப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம்: புகையிலைக் காட்டில் மழைக்கு ஓடும் பெண்கள். கீழே 'ஒளிப்படம்: சென்னியப்பன்'. அதை எடுத்த அன்று நானும் இருந்தேன். அப்பா வெளிச்சத்தைத் திருப்பும் ரிஃப்ளெக்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றார். கேமராவையும் அவரே பிடித்திருக்க வேண்டும். சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் அமர்வு. சங்கத்துக்குக் கட்டடம் இல்லாததால் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். ஆடி என்பதால் மண்டபம் காலி. லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்ட அப்பாவுக்குத் தெரியாது என்பதால் நானும் போனேன்.

ஹமீதா மேடத்துக்கு அம்மா வயது இருக்கும். வந்ததும் முதல் வேலையாக எல்லோருடைய கேமராவையும் வெளியே வைக்கச் சொன்னார். கேமரா இல்லாமல் இவர்களுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாதிப் பேர் கட்டிக்கொண்டார்கள்.

"மேடம், தீர்ப்பு இன்னைக்கே வந்துருங்களா?" என்றார் அப்பா.

"நான் தீர்ப்பு சொல்ல மாட்டேங்க. நீங்கதான் பேசி முடிவு பண்ணணும்."

"நாங்க பேசித்தானுங்களே ரெண்டாப் போனது?"

"அது பேசுனதில்லைங்க. மைக்கப் புடுங்குனது."

சரி, அன்று எத்தனை கை தூக்கினார்கள் என்று பார்த்துவிடலாம் என்றார்கள். அன்றைக்கு எல்லோரிடமும் கேமரா இருந்தது, எல்லோரும் எடுத்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகத் திரையில் போட்டேன். முதல் படத்தில் தலைவரின் காது முடி எண்ணும் அளவுக்குத் துல்லியம். பின்னால் கைகள் எல்லாம் மங்கலாகி, உருகிய வெண்ணெய். அடுத்த படம், மைக் துல்லியம், பின்னால் வெண்ணெய். அடுத்தது, மாலையில் ஒரு ரோஜா. வெண்ணெய். எல்லோருமே விலை உயர்ந்த லென்ஸில் பின்னணியை மங்கலாக்கி எடுத்திருந்தார்கள். வீடியோ எடுத்தவர் அந்த நேரம் தலைவரைச் சுற்றி ஸ்லோமோஷனில் வட்டம் போட்டிருந்தார்.

"ஏங்க, இத்தனை கேமரா இருந்து ஒரு கையக்கூட எண்ண முடியலையா?"

"பேக்ரவுண்ட மங்கடிச்சாத்தானுங்க மேடம் படம் எடுப்பா இருக்கும்" என்றார் ஆரோக்கியசாமி மாமா. இரண்டு தரப்பும் தலையாட்டியது. மூன்று வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

"அப்ப கைய விட்டுருவோம். உங்களுக்கு என்ன வேணும்னு தனித்தனியாக் கேக்குறேன். ஒரு தரப்பு மணமகன் அறைக்குப் போங்க, ஒரு தரப்பு மணமகள் அறை."

மணமகள் அறைக்குப் போக யாரும் தயாரில்லை. காசு சுண்டினார்கள். ராக்கியண்ணன் மாமா தோற்று, உள்ளே போய், பெரிய கண்ணாடி முன்னால் குனிந்த தலையோடு உட்கார்ந்தார். பால் சொம்பு ஒன்றுதான் குறை.

இரண்டு அறைக்கும் மேடம் நடந்து நடந்து கேட்டார். கடைசியில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "இந்த ஏழாம் விதியால இப்ப வெளிய நிக்கறது யாரு?" என்றார்.

எல்லோரும் மண்டபத்தின் வாசலைப் பார்த்தார்கள்.

"அவங்களப் பத்திதான் பேச்சு. அவங்க ஒருத்தரும் இங்க இல்ல. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

"எங்கூட்டுல வேலையா இருப்பாங்களுங்க" என்றார் அப்பா.

"வேலை பீரோ மேல இருக்குதுங்ப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். மேடமும் பார்த்தார். உள்ளே பேசியது வெளியே போகக்கூடாது என்று என்னிடமும் கையெழுத்து வாங்கினார். "டைரில எழுதலாமுங்களா?" என்று கேட்டேன். "நீ எழுது. அதைய யாரும் படிக்கக் கூடாது" என்றார்.

ஆகவே இந்தப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆவணி முகூர்த்தத்துக்கு எங்களிடம் பதிவு செய்திருக்கும் கல்யாணப் பெண் போன் செய்தாள். சத்தமாகப் பேசுகிற பெண். எனக்கே கேட்டது. "அண்ணா, எங்க அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தாங்கல்ல, அந்த அக்கா வருவாங்கல்ல? அவங்க எடுக்கறதுன்னாத்தான்."

"வருவாங்க கண்ணு, வருவாங்க" என்றார் அப்பா. வைத்துவிட்டுச் சமையலறையைப் பார்த்தார்.

"அட்டை இல்லாதவ எப்படீங்க வர்றது?" என்று உள்ளேயிருந்து அம்மா. மிளகாய் தாளிக்கிற சத்தம். இருமல் மூன்று பேருக்கும் வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

இரண்டாவது அமர்வு. இதையும் யாரும் படிக்கவில்லை.

அம்மா கல்யாணத்துக்குப் போகிற பச்சைப் புடவையில் வந்தாள். அவள் வந்ததால் துணைக்கு நான் வந்தேன். அல்லது நான் வருவேன் என்று அவள் வந்தாள். ராக்கியண்ணன் மாமா வீட்டு மருமகள் தாரிணி அக்காவும் வந்திருந்தாள்.

மேடம் முதலில் தாரிணி அக்காவைக் கேட்டார். "உங்களுக்கு ஓட்டு வேணுமா?"

"மாமா வாங்கித் தரேன்னு சொன்னாருங்க. ஆருக்குப் போடோணும்னும் சொல்லிட்டாருங்க."

அப்பா தரப்பில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மேடம் அந்தப் பக்கம் திரும்பியதும் இருமலாக மாறியது.

"உங்களுக்கு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"எனக்கு ஓட்டு ரெண்டாவதுங்க. நான் எடுத்த படத்துக்குக் கீழ எம்பேரு வரோணும். அதுக்கு அட்டை வேணும்னா அட்டை." அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா மேசை விரிப்பின் ஓரத்தை நேராக்கினார்.

அதற்குப்பின் நிஜமாகவே பேசினார்கள். வீட்டு ஆட்களையெல்லாம் பெயருக்குச் சேர்த்துவிடுவார்கள் என்பதுதான் பயம் என்றது அப்பா தரப்பு. உழைக்கிற பிள்ளைகள் எத்தனை வருஷம் வெளியே நிற்பது என்றது தலைவர் தரப்பு. மேடம் இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உதவி செய்யவே இல்லை.

யோசனை அப்பா தரப்பிலிருந்துதான் வந்தது. சேர விரும்புகிறவர் தானே எடுத்த பத்துப் படம் கொண்டுவந்து, எங்கே நின்று எப்படி எடுத்தேன் என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். தொழில் தெரியாத ஆள் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வார்.

ராக்கியண்ணன் மாமா மேசையைத் தட்டினார். "ஒத்துக்கறனுங்க. ஆனா பழைய உறுப்பினரும் பத்துப் படம் கொண்டாரோணும். எங்கூட்டுப் பசங்களுக்கு ஒரு நாயம், உங்களுக்கொரு நாயமா?"

நியாயம்தான் என்று எல்லோருக்கும் தோன்றியது. அதோடு, ஒருவரே இரண்டு தடவைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்றும் வைத்தார்கள். "சரி, ஆனா இப்ப இருக்கறதுதான் மொத தடவைன்னு கணக்கு" என்றார் மாமா. பதினோரு வருஷத்தை ஒரு தடவையாக எண்ண எல்லோரும் பெரிய மனது பண்ணினார்கள்.

"சம்மதம்னா கை தூக்குங்க. இந்தத் தடவை நான் எண்ணிக்கறேன்" என்றார் மேடம்.

எல்லாக் கையும் மேலே போனது. ஒன்றைத் தவிர.

"செயலாளர்?"

"ஒரு அஞ்சு நிமிசங்க" என்று அப்பா எழுந்து மணமகன் அறைக்குள் போனார். கொஞ்சம் பொறுத்து, என்னைக் கூப்பிட்டார்.

மாப்பிள்ளைக்குப் போடுகிற சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அம்மிணி, நம்ம கம்ப்யூட்டர்ல பத்துப் படம் தேடிக் குடுக்கறயா? நான் எடுத்தது."

"கண்ணு தொறந்ததுங்களா, மூடுனதுங்களா?"

சொன்னதும் அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அப்புறம் நானாவது சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

"நான் கையெழுத்துப் போடலீன்னா இது இன்னைக்கோட முடிஞ்சுது. உங்கம்மாளுக்கு அட்டை கெடையாது" என்றார். "போட்டா எனக்குக் கெடையாது. இருவது வருசமாச் செயலாளர், துணைச் செயலாளர்னு இருந்துட்டு, பத்துப் படமில்லைன்னு போயி நிக்கோணும்."

எனக்கு எப்போதும் ஏதாவது சொல்ல வரும். இன்று ஃபேன் ஸ்விட்சைப் போட்டேன். அவருக்கு வியர்த்திருந்தது.

அப்பா எழுந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, வெளியே போனார். உட்காரவில்லை.

"மேடம், அதுல ஒரு வரி சேத்தோணுமுங்க."

"சொல்லுங்க."

"கேமரா பிடிக்கறவங்களோட, லைட்டு பிடிக்கறவங்களும் உறுப்பினராகலாம்னு."

"லைட்டு பிடிக்கறது கூட வர்ற பசங்கதானப்பா?" என்று யாரோ கேட்டார்கள். "அவனுக எதுக்கு?"

"பசங்க இல்லீங்க" என்றார் அப்பா. "நானு."

அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். நான் தலைவரைப் பார்த்தேன். பதினோரு வருஷமாக அப்பாவை மடக்க ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருக்கும் ஆள். அப்பாவே அதை மேசையில் வைத்துவிட்டார்.

ராக்கியண்ணன் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சென்னியப்பா, அது இங்க எல்லார்த்துக்கும் தெரியுமப்பா."

"என்னது?"

"நாங்களும் இதே தொழில்தான பண்றோம்? ஒரு படத்தப் பாத்தா லைட்டு ஆரோடது, கண்ணு ஆரோடதுன்னு தெரியாதா? புகையிலைக்காட்டுப் படத்துக்குப் பரிசு குடுத்தன்னைக்கே தெரியும். நீயாச் சொல்லுவீன்னு பாத்தோம். அப்பறம் நாங்களும் மறந்துட்டோம்."

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக எதற்குப் பயந்தாரோ அது எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரமாக இருந்தது. அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று முகத்தில் பார்த்தேன். இரண்டும் இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"லைட்டு பிடிக்கறவங்கன்னு எழுதிக்கட்டுமா?" என்று மேடம் பேனாவை எடுத்தார்.

"அப்படி எழுதாதீங்க மேடம்" என்றாள் அம்மா. "பிடிக்கறது ஸ்டேண்டே பிடிச்சுக்கும். ஒளி அமைக்கறவங்கன்னு எழுதுங்க. எல்லார்த்துக்கும் அது வராது. எனக்கு வராது."

மேடம் எழுதினார். அப்பா கையைத் தூக்கினார். அவர் மட்டும் தூக்கியிருந்ததால் எண்ணுவது சுலபமாக இருந்தது.

கையெழுத்துப் போடும்போது அப்பா பேனாவை அம்மாவிடம் நீட்டினார். "நீயும் போடு. பாதிக்கப்பட்ட தரப்பு."

"ஆரு பாதிச்சது?" என்றாள் அம்மா, போட்டுக்கொண்டே.

ஆகஸ்ட் 20, புதன்

வாட்ஸ்அப்பில் குழுக்களை இணைத்துவிட்டார்கள். எந்தக் குழுவை மூடுவது என்று சண்டை வந்து, இரண்டையும் மூடிவிட்டு மூன்றாவது ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா பத்துப் படம் கொண்டுபோனாள். ஆறாவதிலேயே போதும் என்றார்களாம். போதாது, பத்தையும் பாருங்கள் என்று உட்காரவைத்துக் காட்டியிருக்கிறாள். ஒவ்வொரு படத்துக்கும் எங்கே நின்றேன் என்று அவள் சொல்ல, வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஒரே பத்துப் படத்தில் இரண்டு அட்டை.

ஓட்டும் இரண்டு. அடுத்த தேர்தலில் யாருக்கு என்று அப்பா கேட்டாராம். ரகசிய வாக்கெடுப்பு என்று அம்மா சொன்னாளாம்.

ஆகஸ்ட் 28, வியாழன். முகூர்த்தம்

விடியற்காலை கல்யாணம். பந்தி நன்றாக இருக்கும் என்பதால் போனேன். வேறு காரணமில்லை.

மேடையேறும்போது பெண்ணின் அப்பா அவசரமாக வந்தார். வேட்டி ஒரு கையில், போன் ஒரு கையில். "மெயின் போட்டோகிராஃபர் ஆருங்க? யாருகிட்டப் பேசோணும்?" என்று எங்கள் அப்பாவிடம்தான் கேட்டார். மீசை வைத்த ஆளிடம்தான் எல்லோரும் கேட்பார்கள்.

அப்பா லைட் ஸ்டேண்டின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவங்கதானுங்க" என்று கையைக் காட்டினார். "எதுன்னாலும் அவங்ககிட்டக் கேட்டுக்கங்க. நான் லைட்டுங்க."

பெண்ணின் அப்பா அந்தப் பக்கம் போனார். அம்மா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே அவருக்கு ஏதோ பதில் சொன்னாள். பிறகு கண்ணை எடுக்காமலே இடது கையைப் பின்னால் நீட்டி, விரலால் கீழே என்று காட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் எறக்குங்க."

அப்பா இறக்கினார்.

"போதுமுங்களா?"

"இன்னும் ஒரு விரக்கடை."

"இதுக்கு மேல எறக்குனா தாலி மின்னாது."

அம்மா கேமராவை இறக்கித் திரும்பிப் பார்த்தாள். பெண் மாப்பிள்ளை, ஐயர், மேளக்காரர் எல்லோரும் இவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

"சரி, உங்க இஷ்டத்துக்கு வைங்க" என்றாள்.

அப்பா ஸ்டேண்டை ஒரு விரக்கடை ஏற்றினார். மேளம் கொட்டியது.